பீச் கொப்ளரும் அம்மாவும்

பிரிட்ஜுக்குள்ள, பாண் புளிக்க வைக்கிற சவர்டோ புளிமா ஒரு போத்தல் நிறையச் சேர்ந்திட்டுது. ஒவ்வொரு முறை புதுமா போடேக்கையும் பழசில பாதியைக் கொட்ட வேண்டிக்கிடக்கு. மா கொட்டுறதெண்டா எனக்கு மனசு கேக்காது.

நேற்று ரொறன்ரோவில நல்ல வெய்யில். அந்தப் புளிமாவில கொப்ளர், அதுதான் பழத்துக்கு மேல மா போட்டு ஒவனில வேகவைக்கிற இனிப்பு, செய்வமெண்டு நயாகராப் பக்கத்துப் பீச்பழம் ஒரு கூடை வாங்கினன். ஆகஸ்ட் பழமெண்டபடியால் கொட்டை தானாக் கழண்டுது. ஜூலையில முதல் வாறது சதையோட ஒட்டிக்கொண்டு உயிரை வாங்கும்.

கொதிதண்ணிக்குள்ள அரை நிமிசம், பிறகு ஐஸ்தண்ணி. தோல் சட்டை கழட்டின மாதிரி வந்திட்டுது. 6 பழத்துக்குக் கொஞ்சம் சீனி, தேசிப்புளி, ஒரு மேசைக்கரண்டி சோளமா. மேல போட கோதுமை மா 150 கிராம், குளிர் பட்டர் 85, புளிமா 120, கொஞ்சம் பால், அரைத் தேக்கரண்டி அப்பச்சோடா. புளிப்பில சோடா பட்ட உடன மா புசுபுசு எண்டு எழும்பினதைப் பாக்கோணும்!

அம்மா எட்டிப் பாத்து மணந்திட்டு, "என்ன பிள்ளை, கள்ளு விட்ட அப்பமா மாதிரி மணக்குது?" எண்டா. ஊரில கள்ளு விட்டுத்தானே புளிக்க வைச்சது. இதுவும் அதே ஈஸ்ட் வேலைதான் எண்டன். நம்பேல்லை.

190 பாகையில 40 நிமிசம். கீழ தட்டு வைக்க மறந்து, பழச்சாறு பொங்கி ஒவனுக்குள்ள ஊத்துண்டு, புகை அலாரம் கத்தி, மனுசன் துவாயால விசுக்கினதுதான் மிச்சம்.

அம்மா ரெண்டாம் தரம் கோப்பையை நீட்டேக்க மட்டும் மணத்தைப் பற்றி ஒண்டும் கேக்கேல்லை. ஐஸ்கிறீம் இருக்கோ எண்டா.