முகமூடி பழகிய நாட்கள்

எங்கள் மகள் 27 வாரத்தில், 910 கிராம் எடையுடன் சேலத்தில் பிறந்தாள். கருவின் கணக்கில் 36 வாரம் ஆனபோதும் ஆக்ஸிஜனை விட முடியாததால், டாக்டர் அதை நாள்பட்ட நுரையீரல் நோய் என்றார். வீட்டுக்கு அனுப்பும்போது ஆக்ஸிஜன் கருவியுடன், காலையும் மாலையும் ஒவ்வொரு பஃப் பியூடசோனைடு (வீக்கத்தைக் குறைக்கும் ஸ்டீராய்டு மருந்து) இன்ஹேலரும் எழுதிக் கொடுத்தார்.

இதைப் பிறந்த அன்றே கொடுத்திருக்கலாமே என்று ஆதங்கத்தில் கேட்டுவிட்டேன். 2015இல் வெளியான பெரிய ஆய்வொன்றில், முதல் நாளிலிருந்தே இம்மருந்தை இழுத்த குழந்தைகளிடம் நுரையீரல் நோய் குறைந்தாலும் இறப்பு சற்றே கூடுதலாகக் காணப்பட்டதாகவும், இப்போது அவளுக்கு மூச்சிரைப்பு இருப்பதால்தான் கொடுத்துப் பார்ப்பதாகவும், பலன் தெரியாவிட்டால் நிறுத்திவிடுவதாகவும் அவர் பொறுமையாக விளக்கினார்.

முதல் வாரம் வீணானது என்றே சொல்வேன். மருந்துக்கடையில் வளர்ந்த குழந்தைக்குரிய முகமூடியைக் கொடுத்துவிட்டதால், கன்னத்தின் ஓரமாக மருந்து கசிந்தது. அவள் வீறிட்டு அழ, "அழுதால்தான் நன்றாக இழுப்பாள்" என்று அத்தை தைரியம் சொன்னார், நானும் நம்பினேன். உண்மையில் அழும்போது மருந்தின் பெரும்பகுதி தொண்டையிலேயே படிந்து வயிற்றுக்குப் போய்விடுமாம். இன்ஹேலருக்கும் முகமூடிக்கும் நடுவில் மாட்டும் பிளாஸ்டிக் குழாயான ஸ்பேசரைத் துணியால் பளபளவென்று துடைத்ததும் தவறுதான்: உராய்வில் மின்னேற்றம் உண்டாகி, மருந்து அதன் சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும். சோப்பு நீரில் முக்கியெடுத்து, துடைக்காமல் தானாக உலரவிட வேண்டும்.

சிறிய முகமூடி கிடைத்ததும், அவளை மடியில் வைத்தபடியே, மருந்தில்லாமல் வெறும் முகமூடியை முகத்தருகே கொண்டுபோய்ப் பழக்கினேன். நான்காம் நாள் அழுகை நின்றது. அதன்பின் இன்ஹேலரைக் குலுக்கி, மூக்கும் வாயும் மூடும்படி முகமூடியைப் பொருத்தி, ஒருமுறை அழுத்தி, பத்து மூச்சு எண்ணுவேன். முடிந்தவுடன், வாயில் வெண்படலம் வராமலிருக்க ஈரத்துணியால் வாயையும் கன்னத்தையும் துடைத்துவிடுவேன்.

எங்கள் வீடு ஏற்காட்டில், ஏறத்தாழ 1500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் குறைவு என்பதால், ஆக்ஸிஜன் நிற்கும்வரை மலையேற வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட, ஏழு மாதம் சேலம் அம்மாபேட்டையில் என் தாய்வீட்டிலேயே இருந்தோம். விறகடுப்பையும் அம்மா அணைத்துவைத்தார். பிறகு டாக்டரின் அனுமதியுடன் ஒருநாள் மேலே சென்றபோது, ரத்தத்தில் உள்ள ஆக்ஸிஜன் சதவீதத்தைக் காட்ட கால்விரலில் மாட்டிய ஆக்ஸிமீட்டர் அடிவாரத்தில் 97 காட்டியது, இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து ஏரிக்கரையில் 93 காட்டியது. அவர் சொன்ன 92க்குக் கீழே போகவில்லை. ஆனால் தூக்கத்தில் இன்னும் குறையலாம் என்பதால் இரவு தங்காமல் இறங்கிவிட்டோம்; மாலை பஃப்புக்கும் நேரமாகியிருந்தது.