டிசைனரில் திறக்காத ஃபார்ம்

போன வாரம் வரை ஒழுங்காகத் திறந்துகொண்டிருந்த பில்லிங் ஃபார்ம், நேற்றுக் காலை விஷுவல் ஸ்டுடியோவின் டிசைனரில் (ப்ரோக்ராமை ஓட்டாமலே ஃபார்மை வடிவமைக்கும் திரையில்) வர மறுத்துவிட்டது. பட்டன்களும் கிரிட்டும் இருக்க வேண்டிய இடத்தில் 'ஆப்ஜெக்ட் ரெஃபரன்ஸ்' என்று தொடங்கும் பிழைச் செய்தி மட்டும். ப்ரோக்ராமை ஓட்டினாலோ அதே ஃபார்ம் எந்தக் குறையும் இல்லாமல் வருகிறது. ரீபில்ட் செய்தேன்; பில்டில் உருவாகும் 'bin', 'obj' ஃபோல்டர்களை அழித்தேன். அசையவில்லை.

பிறகு விஷுவல் ஸ்டுடியோவை இரண்டாவதாக ஒன்று திறந்து, அதன் டீபகரை (கோடு ஓடும்போதே பிழையைத் தேடும் கருவியை) முதலாவதன் ப்ராசஸோடு இணைத்தேன். (டாட்நெட் ஃப்ரேம்வொர்க் 4.8 என்பதால் டிசைனர் அந்த ப்ராசஸுக்குள்ளேயே ஓடும்.) ஃபார்மை மறுபடி திறந்ததும் ஒரு வரியில் போய் நின்றது. முந்தின நாள் நானே எழுதி அந்த ஃபார்மில் வைத்த வாடிக்கையாளர் கன்ட்ரோலின் கன்ஸ்ட்ரக்டர் (அது உருவாகும்போதே ஓடும் கோடு)! கான்ஃபிக் கோப்பிலிருந்து கனெக்‌ஷன் ஸ்ட்ரிங்கை (டேட்டாபேஸோடு இணையத் தேவையான விவரத்தை) எடுக்கும் வரி.

விஷயம் இதுதான்: நாம் திறக்கும் ஃபார்மின் கன்ஸ்ட்ரக்டரை டிசைனர் ஓட்டாது. ஆனால் அதன் மேல் வைத்த கன்ட்ரோல்களை நிஜமாகவே உருவாக்கும். அப்போது படிக்கப்படுவது நம் ஆப் கான்ஃபிக் அல்ல, விஷுவல் ஸ்டுடியோவின் கான்ஃபிக். அதில் நம் ஸ்ட்ரிங் எப்படி இருக்கும்?

டிசைனருக்குள் இருந்தால் அந்த வரியைத் தாண்டிவிடலாம் என்று, முதலில் அதைச் சொல்லும் டிசைன்மோட் ப்ராபர்ட்டியைச் சோதித்துப் பார்த்தேன். கன்ஸ்ட்ரக்டருக்குள் அது எப்போதும் ஃபால்ஸ்தான், ஏனென்றால் கன்ட்ரோலை டிசைனரோடு இணைக்கும் சைட் அதற்குப் பிறகுதான் அமைகிறது. டாட்நெட்டிலேயே உள்ள லைசென்ஸ்மேனேஜரின் யூசேஜ்மோட் அந்த இடத்திலும் சரியான பதில் தரும். ஆனாலும் டிசைனருக்காகவே ஓர் 'இஃப்' சோதனை வைப்பது எனக்குப் பிடிக்கவில்லை. டேட்டா எடுக்கும் வேலையைத் தனி மெத்தடாக்கி, ஃபார்மின் லோட் ஈவென்ட்டிலிருந்து அழைத்தேன். அந்த ஈவென்ட்டை டிசைனர் தொடாது.

கிரிட் திரும்பி வந்தபோது மணி பன்னிரண்டு.