மூன்று துறை, ஒரு ரெஸ்யூமே: நாட்குறிப்பிலிருந்து

ஜனவரி 6

ரெஸ்யூமேயைத் திருத்த உட்கார்ந்தேன். மருந்து தயாரிக்கும் நிறுவனத்தில் தரக்கட்டுப்பாட்டு ஆய்வகம், அப்புறம் பள்ளியில் வேதியியல் ஆசிரியை, அதற்கப்புறம் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் பயனர் கையேடு எழுதும் வேலை. இப்போது சாஃப்ட்வேர் டெஸ்டிங், அதாவது மென்பொருளைச் சோதித்துப் பிழை கண்டுபிடிக்கும் வேலைப் பக்கம் போக ஆசை. ஒரே பக்கத்தில் படித்தால் நான்கு பேருடைய ரெஸ்யூமே கலந்துவிட்ட மாதிரி இருக்கிறது.

தேதிகளைக் கடைசிக்குத் தள்ளிவிட்டுத் திறமைகளை மட்டும் தலைப்புகளாக அடுக்கச் சொன்னாள் தோழி. அப்படி ஒரு வகை இருக்கிறது, தெரியும். ஆனால் கையேடு எழுதும் குழுவுக்கு ஆள் எடுக்க நானும் உட்கார்ந்திருக்கிறேன். அந்த மாதிரி ரெஸ்யூமே வந்தால் முதலில் தேடுவதே தேதிகளைத்தான். அதனால் வரிசையை மாற்றவில்லை. ஒவ்வொரு வேலைக்கும் கீழே, டெஸ்டிங்குக்கு ஒட்டும் ஒரு வரியை மட்டும் சேர்த்தேன். பள்ளி வேலையைச் சுருக்கி ஒளிக்கவும் இல்லை.

ஜனவரி 17

நேர்காணல். எதிர்பார்த்த கேள்விதான்: "ஏன் இத்தனை தடவை மாறியிருக்கீங்க?"

ஆர்வம், தேடல் என்றெல்லாம் பேசாமல் ஆய்வகக் கதையைச் சொன்னேன். ஒரு மாத்திரையில் உள்ள மருந்தின் அளவு நிர்ணயித்த வரம்புக்கு வெளியே வந்தால், சரியான எண் வரும்வரை திரும்பத் திரும்பச் சோதிப்பது அங்கே பெரிய குற்றம். கருவியில் கோளாறா, கரைசல் தயாரித்ததில் பிசகா, கணக்கில் தப்பா என்று முதலில் விசாரிக்க வேண்டும். ஆய்வகப் பிழை எதுவும் இல்லையென்றால்தான் தயாரிப்பைச் சந்தேகிக்க வேண்டும். எல்லாவற்றையும் அப்போதே எழுதிவைக்க வேண்டும். எழுதாதது நடக்காதது என்பது அங்கே முதல் வாரமே காதில் விழும் வாக்கியம். அதேபோல் மென்பொருளில் ஒரு பிழையை, 'பக்'கை, பதிவு செய்யும் முன் என் கணினி அமைப்பைத்தான் முதலில் சந்தேகிப்பேன் என்றேன். கேட்டவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

பள்ளியையும் விடவில்லை. "புரிஞ்சுதா?" என்று கேட்டால் மொத்த வகுப்பும் தலையாட்டும். ஒரு கணக்கைக் கொடுத்துப் போடச் சொன்னால்தான் உண்மை தெரியும். பயனரிடமும் "இந்தத் திரை சுலபமா இருக்கா?" என்று கேட்டுப் பயனில்லை. ஒரு வேலையைக் கொடுத்துவிட்டு, அவர் கை எங்கே தயங்குகிறது என்று பார்க்க வேண்டும்.

ஜனவரி 20

பெரியப்பா போனில். "ஒரு இடத்துல நிலைச்சு நிக்க மாட்டியாம்மா?" அமெரிக்கத் தொழிலாளர் புள்ளியியல் துறையின் கணக்கு ஒன்றைச் சொன்னேன்: 1957 முதல் 1964 வரை பிறந்தவர்கள் அங்கே 18 வயதிலிருந்து 56 வயதுக்குள் சராசரியாக 12.7 வேலை பார்த்திருக்கிறார்கள். அவர் வாயை அடைத்துவிட்டது. ஆனால் போனை வைத்தபின் எனக்கே நெருடியது. அதில் கிட்டத்தட்ட பாதி, 25 வயதுக்கு முன் பார்த்தவை. முதலாளி மாறினாலே புது வேலை என்று எண்ணும் கணக்கு அது. துறை மாறினார்களா என்று அது சொல்லாது. என் கட்சிக்கு நல்ல சாட்சி இல்லை.

ஜனவரி 24

விஞ்ஞானி வெங்கட்ராமன் ராமகிருஷ்ணனைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். 1976-இல் இயற்பியலில் முனைவர் பட்டம். அதை வாங்கிய கையோடு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்தில் உயிரியல் படிக்க மறுபடி மாணவராகச் சேர்ந்துவிட்டார். பிறகு யேல் பல்கலைக்கழகத்தில், செல்லுக்குள் புரதம் தயாரிக்கும் ரைபோசோம் பற்றிய ஆராய்ச்சி. அங்கே கைக்கொண்ட நியூட்ரான் சிதறல் முறை (நியூட்ரான்கள் பட்டுச் சிதறுவதை வைத்து அமைப்பை அறிவது) இயற்பியல் தந்ததுதான். 2009-இல் கிடைத்த நோபல் வேதியியலுக்கு. மூன்று துறைகளும் வந்துவிட்டன.

எனக்குப் பிடித்த இடம் நோபல் இல்லை. முனைவர் ஆனபின் தன்னைவிடச் சின்னவர்களோடு அடிப்படைப் பாடம் படிக்க உட்கார்ந்தாரே, அது. நோபல் வரை போனவர் என்பதால் இந்தக் கதை நமக்குக் கிடைக்கிறது. மாறிப் பார்த்து, கையைச் சுட்டுக்கொண்டு திரும்பியவர்களின் கதையை யார் எழுதுகிறார்கள்? அதனால் இதைத் தைரியத்துக்காகப் படிக்கலாம். ஆதாரமாகக் காட்ட முடியாது.

பிப்ரவரி 10

வேலை கிடைத்துவிட்டது. சம்பளம் முன்பைவிடக் குறைவு. தெரிந்தேதான் கையெழுத்துப் போட்டேன், ஆனாலும் அந்த எண்ணைப் பார்க்கையில் சுருக்கென்றது.

டீம் லீடுக்கு என்னைவிட வயது ரொம்பக் குறைவு. என்னை எப்படிக் கூப்பிடுவது என்று அவர்தான் முதல் நாள் திணறினார். பெயர் சொல்லியே கூப்பிடுங்கள் என்றேன். அவர் சொல்லிக்கொடுப்பதைக் குறிப்பெடுத்துக்கொள்கிறேன். தானியங்கிச் சோதனைக்கு நிரல் எழுதுவதில் நான் கத்துக்குட்டிதான்.

பழைய வேலைகளில் பழகியது எல்லாமே கூட வரும் என்று சொல்லிவிடவும் முடியாது. ஒரு கரைசலைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து இன்னொன்றை அளக்கும் டைட்ரேஷனில், பினால்ஃப்தலீன் என்ற நிறங்காட்டி லேசான ரோஜா நிறத்துக்குத் திரும்பும் அந்தக் கடைசிச் சொட்டில் குழாயை நிறுத்தப் பழகிய கை இது. அதற்கு இங்கே வேலையே இல்லை. போனது போனதுதான்.

மார்ச் 2

பழைய மாணவி ஒருத்தி கூப்பிட்டாள். "மிஸ், படிச்ச துறையை விட்டுட்டு டிசைன் பக்கம் போகலாம்னு பாக்கறேன். இத்தனை வருஷம் வீணாயிடுமோ?"

"தைரியமாப் போ" என்று சொல்லிவிடுவது சுலபம். அவள் வீட்டு வாடகையை நான் கட்டப்போவதில்லையே. அதனால் கேள்விகளாகக் கேட்டேன். பிடிக்காதது அந்த வேலையா, அதை வாங்கும் மேலாளரா? மேலாளர்தான் என்றால் நிறுவனம் மாறினாலே போதும். சம்பளம் குறைந்தால் எத்தனை மாதம் தாக்குப்பிடிப்பாய்? டிசைன் வேலையில் அலுப்பான பகுதி எது என்று அதைச் செய்பவர் யாரிடமாவது கேட்டாயா?

கடைசிக் கேள்விக்குப் பதில் இல்லை. அப்படி ஒருவரோடு ஒரு முழு நாள் உட்கார்ந்து பார்த்துவிட்டு, அலுப்பாகத் தோன்றியதையெல்லாம் எழுதி அனுப்பச் சொன்னேன்.

"இன்னும் ஹோம்வொர்க் குடுக்கறீங்களே மிஸ்!" என்றாள். ஞாயிற்றுக்கிழமைக்குள் வரவேண்டும் என்றேன்.