ஒரே ஸ்டூடியோ, ஜாஸும் கிளாசிக்கலும்: கேட்டது வரைக்கும்

ஜாஸ், மேற்கத்திய கிளாசிக்கல் இரண்டையும் எங்கிருந்து ஆரம்பிப்பது என்று யாரைக் கேட்டாலும் ஆளுக்கொரு பட்டியல் நீட்டுகிறார்கள். அதனால் நானே ஒரு வழி வைத்துக்கொண்டேன்: நியூயார்க்கின் 30-ஆம் தெருவில் கொலம்பியா இசைத்தட்டு நிறுவனம் நடத்திய ஸ்டூடியோவில் பதிவான எல்பிகள் மட்டும், இப்போதைக்கு. பழைய தேவாலயக் கட்டடம், ரொம்ப உயரமான கூரை. ஜாஸ் டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸும் அங்கேதான் வாசித்தார், கிளாசிக்கல் பியானோ கலைஞர் க்ளென் கூல்டும் அங்கேதான்.

முதலில் மைல்ஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ', 1959. அதில் 'ஸோ வாட்' கர்நாடக சங்கீதம் கேட்டு வளர்ந்த காதுக்கு உடனே பிடிபடும். ரெண்டு கட்டையில் கரகரப்பிரியா, அவ்வளவுதான் ஸ்வரங்கள். 16 பார் (பார் என்றால் நம் ஆவர்த்தனம் போல, இங்கே நாலு எண்ணிக்கை) அப்படிப் போய், அடுத்த 8 பாருக்கு ஆதார ஸ்ருதியே ரெண்டரைக் கட்டைக்கு ஏறி, திரும்பவும் 8 பாருக்கு இறங்கி வந்துவிடுகிறது. நம்மூரில் கச்சேரி நடுவில் தம்புராவை இப்படி ஏற்றி இறக்கினால் எழுந்து போய்விடுவார்கள்! கமகம் இல்லாத கரகரப்பிரியா கொஞ்சம் வழுக்கையாகத்தான் இருக்கிறது என்பது என் எண்ணம், ஆனால் சாக்ஸபோனோடு ஜான் கோல்ட்ரேன் நுழைந்ததும் அந்தக் குறை மறந்துபோகிறது.

ஒரு நண்பரிடம் இதே தட்டின் பழைய அச்சு இருந்தது, வாங்கி வந்து போட்டால் முதல் பக்கம் தம்புரா ஆப்போடு சேரவே இல்லை, டர்ன்டேபிள் வேகத்தை ஸ்ட்ரோப் தகடு வைத்துப் பார்த்தேன், அது சரியாகத்தான் ஓடுகிறது. விஷயம் என்னவென்றால் மார்ச் 2 அன்று பதிவு செய்த டேப் மெஷின் கொஞ்சம் மெதுவாக ஓடியிருக்கிறது, அதைச் சரியான வேகத்தில் போட்டால் ஸ்ருதி ஏறிவிடும். 1992 மறுவெளியீட்டில்தான் திருத்தினார்கள். ஏப்ரலில் பதிவான இரண்டாம் பக்கத்தில் இந்தத் தொல்லை இல்லை.

டேவ் புரூபெக்கின் 'டைம் அவுட்'டும் அதே வருடம், அதே கூடம். அதில் 'டேக் ஃபைவ்' தாளம் போட்டுக்கொண்டே கேட்க வேண்டியது: நம் கண்ட சாபு 2+3, இது 3+2, கை முதலில் முரண்டு பிடிக்கும். ஜோ மொரெல்லோவின் டிரம்ஸ் தனி வரும்போது பியானோ விடாமல் அந்த ஐந்தையே பிடித்துக்கொண்டிருப்பதால் தொலைந்து போக மாட்டோம். அந்தத் தனியில் அவர் விடும் இடைவெளிகள்தான் எனக்கு அதிகம் பிடித்தது.

கூல்டுக்கு வந்தால் பாஹ்கின் 'கோல்ட்பெர்க் வேரியேஷன்ஸ்' (ஒரு மெட்டும் அதன் முப்பது மாறுபாடுகளும்) இரண்டு தடவை, 1955-லும் 1981-லும். முன்னது சுமார் 38 நிமிடம், பின்னது 51. பலரும் 1955-இன் வேகத்தைத்தான் கொண்டாடுகிறார்கள், நான் 1981 கட்சி. ஆரம்பத்தில் வரும் அந்த மெட்டை ('ஆரியா' என்பார்கள்) முதல் பதிவில் 2 நிமிடத்துக்குள் முடித்துவிடுகிறார், பின்னதில் 3 நிமிடம் எடுத்துக்கொள்கிறார், அந்த ஒரு நிமிடத்தில்தான் இடது கை என்ன செய்கிறது என்றே கேட்கிறது. கூடவே அவர் முனகுவதும் கேட்கிறது. அது சிலருக்கு எரிச்சல், எனக்கு இல்லை.

சரி, ரெகார்டில் எது நன்றாக இருக்கிறது? ஜாஸ்தான். 'கைண்ட் ஆஃப் ப்ளூ'வில் டிரம்ஸ் வாசிக்கும் ஜிம்மி காப்-இன் சிம்பல் சத்தத்துக்குள் தூசியின் படபடப்பு கலந்து மறைந்துவிடும், தனிப் பியானோவில் ஒரு துளி தூசி இருந்தாலும் தெரியும். ஆர்கெஸ்ட்ரா இன்னும் கஷ்டம். வெளி விளிம்பில் ஊசிக்கு அடியில் வினாடிக்கு அரை மீட்டர் போல ஓடும் பள்ளம், லேபிளுக்குப் பக்கத்தில் அதில் பாதிக்கும் குறைவாகத்தான் ஓடும், உயர் ஒலிகள் அங்கே நசுங்கும். பெரும்பாலான சிம்பொனிகளோ உச்சத்தைக் கடைசியில்தான் வைத்திருக்கின்றன. என் விதியை மீறி பீத்தோவன் ஐந்தாவதைப் போட்டுப் பார்த்தேன், முடிவில் பித்தளை வாத்தியங்கள் எல்லாம் கரகரவென்று ஒன்றாகிவிட்டன. உருண்டை முனை ஊசியை எடுத்துவிட்டு எலிப்டிகல் (நீள்வட்ட முனை) ஊசி போட்டதும் பாதி சரியானது, மீதியை சிடியில் கேட்டுக்கொள்கிறேன்.

அடுத்து ஜாஸ் பாஸ் கலைஞர் சார்லஸ் மிங்கஸின் 'மிங்கஸ் ஆ உம்', அதுவும் 1959, அதே தெரு. அந்த மார்ச்சில் இறந்துபோன சாக்ஸபோன் கலைஞர் லெஸ்டர் யங்கை நினைத்து மிங்கஸ் எழுதிய ஒன்று அதில் இருக்கிறது, அதைத்தான் முதலில் போடப்போகிறேன்.