கொழுப்பு மாத்திரையை நிறுத்தியாச்சு

அட்டோர்வாஸ்டாடினை நிறுத்தி மூன்று வாரம் ஆகிறது. நானாக நிறுத்தவில்லை, மருத்துவர் சொல்லித்தான்.

தொடையிலும் கெண்டைக்காலிலும் வலி, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி. கைப்பிடியைப் பிடித்து உடம்பை இழுத்துக்கொண்டுதான் படி ஏறினேன். வயசானால் அப்படித்தான் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். மாத்திரையை 40 மில்லிகிராமாகக் கூட்டிய பிறகுதான் வலி தொடங்கியது என்று தேதி பார்த்துச் சொன்னவள் மகள்.

கிரியாட்டின் கைனேஸ் என்று ஒரு ரத்தப் பரிசோதனை. தசை பாதிக்கப்பட்டால் அந்த அளவு கூடும். எனக்குக் கொஞ்சம்தான் கூடியிருந்தது. தைராய்டும் பார்த்தார்கள், அது குறைந்தாலும் இதே மாதிரி வலிக்குமாம்.

இப்போது கால் லேசாகிவிட்டது. நேற்று கைப்பிடியைத் தொடாமல் மாடி ஏறினேன், கண் கலங்கிவிட்டது.

ஆனால் மாத்திரை இல்லாவிட்டால் கெட்ட கொழுப்பு மறுபடி ஏறத்தான் செய்யும். அதனால் அடுத்த வாரம் அதே வகையில் வேறொரு மாத்திரை, ரோசுவாஸ்டாடின், 5 மில்லிகிராமில் தொடங்குகிறோம். அதுவும் ஒத்துக்கொள்ளாவிட்டால் எசெட்டிமைப். கொலஸ்ட்ராலைக் குடல் உறிஞ்சுவதை அது குறைக்கும்.

இந்த மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு ஒன்று: தசை வலியோடு சிறுநீரும் கருத்துப் போனால் தள்ளிப்போடாதீர்கள், அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள்.