ஒரு கம்பு குறைவாக வந்த பிரிட்ஜ் ஹாமக்

வெளிநாட்டிலிருந்து பிரிட்ஜ் ஹாமக் (இரண்டு மரத்துக்கு நடுவே கட்டித் தூங்கும் தொங்குபடுக்கையில் ஒரு ரகம்) வரவழைக்கும் யோசனையில் கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கம் யாராவது இருந்தால், காசு கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள். பொருள் நல்ல பொருள், நேற்று இரவும் அதில்தான் தூங்கினேன். ஆனால் அது கைக்கு வந்து, முழுசாகத் தொங்கி, நான் ஒருக்களித்துப் படுப்பதற்குள் என்னைப் படுத்திய பாட்டை எங்காவது கொட்டாவிட்டால் ஆறாது.

ஏன் பிரிட்ஜ் ரகம் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இரண்டு முனையும் கொத்தாகச் சேரும் சாதாரண ஹாமக்கில் கோணலாகப் படுத்தால் முதுகு ஓரளவு நேராகும், உண்மைதான். மல்லாந்து தூங்குகிறவர்களுக்கு அது போதும். எனக்கு ஒருக்களித்தால்தான் தூக்கம் வரும், அதில் முழங்காலுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டே இருக்கும். பிரிட்ஜில் இரண்டு பக்க ஓரமும் வில்லாக வெட்டப்பட்டு, அந்த ஓரத்து நாடாதான் பாரத்தைத் தாங்கும், துணி அதிலிருந்து தொங்கும். தலைப்பக்கமும் கால்பக்கமும் குறுக்கே ஒரு கம்பு போட்டு விரித்து வைப்பதால் கட்டில் போலத் தட்டையாகப் படுக்கலாம். தலைக்கம்பு அகலமாக இருந்தால் தோளை நெருக்காது, ஆனால் அகலம் கூடக்கூட ஏறும்போதும் இறங்கும்போதும் கவிழ்க்கப் பார்க்கும். ஓரத்து வளைவு ஆழமாக இருந்தால் உடம்பு கீழே இறங்கிவிடும், ஆட்டம் குறையும்.

எல்லாரும் முதலில் சொல்வது வார்பானட் கம்பெனியின் ரிட்ஜ்ரன்னர். பக்கவாட்டில் இரண்டு பை, 250 பவுண்டு, அதாவது 113 கிலோ வரை தாங்கும் என்கிறார்கள். நான் 84 கிலோதான், எனவே எடை பற்றிக் கவலையில்லாமல் இன்னும் லேசாக இருக்கிறதே என்று வேறொரு சின்னத் தயாரிப்பாளரிடம் போனேன். பெயர் வேண்டாம். அவருடைய இணையப் பக்கத்தில் 620 கிராம் என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. அது துணியின் எடை மட்டும். கம்பு இரண்டும், மரத்தில் சுற்றும் நாடாவும், கயிறும், கொசுவலையும் சேர்த்து எங்கள் ஊர் மளிகைக்கடைத் தராசில் வைத்தபோது ஒன்றரை கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. இன்னும் தார்ப்பாய் தனி! இந்த எடைக்கு ஒரு ஆள் கூடாரமே வாங்கலாம், அதனால் எடையைக் குறைக்க பிரிட்ஜ் வாங்குகிறேன் என்று யாராவது சொன்னால் நான் நம்ப மாட்டேன். தூக்கத்துக்காக வாங்குங்கள். கேட்கும்போது "கம்பு, நாடா, கயிறு, பை எல்லாம் சேர்த்து எவ்வளவு" என்றே கேளுங்கள்.

மலையேறும் கைத்தடியையே குறுக்குக் கம்பாகப் போட்டால் எடை மிச்சம் என்றும் சொல்வார்கள். மிச்சம்தான். ஆனால் திருகிப் பூட்டும் ரகத் தடி அந்த அழுத்தத்தில் உள்ளே சரிய வாய்ப்பு அதிகம், கிளிப் போட்டுப் பூட்டும் ரகமாக இருந்தால் பரவாயில்லை. நான் தனிக் கம்போடுதான் ஆர்டர் போட்டேன்.

இனி வயிற்றெரிச்சல். ஆர்டர் படிவத்தில் குடும்பப் பெயர் என்ற கட்டம் கட்டாயம், காலியாக விட்டால் அடுத்த பக்கம் போகாது. ஒற்றை எழுத்து இனிஷியல் போட்டால் "சரியான பெயரை உள்ளிடுக" என்று சிவப்பில் திட்டுகிறது. நமக்கு ஏது குடும்பப் பெயர், அப்பா பெயரை முழுசாகப் போடத்தான் வேண்டும். ஆதாரில் இனிஷியல் மட்டும். பார்சல் இந்தியாவுக்குள் வந்ததும் கூரியரிலிருந்து கேஒய்சி, அதாவது அடையாளச் சான்று கேட்டுக் குறுஞ்செய்தி, ஆதாரை ஏற்றினேன், நிராகரிப்பு. காரணம் கேட்டு போன் செய்தால் ஒரு பெண் "பேர் மேட்ச் ஆகலை சார்" என்றார். அப்பா பெயர்தானம்மா அது, ஆதாரிலேயே பக்கத்தில் இன்னாரின் மகன் என்று இருக்கிறதே என்றால், "சிஸ்டம் எடுக்கலை சார்". பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயர் இடத்தில் இருப்பது ஞாபகம் வந்து அதை ஏற்றினேன். பெயர் சரியாகிவிட்டது. உடனே மாவட்டம் தகராறு. அவர்களுடைய கணினி எங்கள் பின்கோடுக்கு தர்மபுரி மாவட்டம் என்று காட்டுகிறதாம், என் அட்டையில் கிருஷ்ணகிரி. 2004 பிப்ரவரியிலேயே மாவட்டத்தைப் பிரித்தாகிவிட்டது என்று அந்தப் பெண்ணிடம் வரலாற்றுப் பாடம் நடத்த வேண்டியிருந்தது. "அப்படியா சார், நான் நோட் போட்டுடறேன்" என்றார். நோட் போட்டாரோ இல்லையோ, பார்சல் நகரவில்லை. கடைசியில் அவர்கள் கணினி காட்டிய மாவட்டத்தையே போட்டு முகவரி உறுதிக் கடிதம் ஒன்று வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பியதும் சரியாகிவிட்டது. பாஸ்போர்ட் இருந்தால் அதில் உள்ள பெயரை அப்படியே பார்த்து ஆர்டர் போடுங்கள், பாதித் தலைவலி மிச்சம்.

அடுத்து இது என்ன பொருள் என்ற கேள்வி. இன்வாய்ஸில் ஹாமக் என்று ஒற்றை வார்த்தை. பெரியவர்கள் படுக்கும் தொட்டில் மாதிரி என்றேன், "குழந்தைங்க ஐட்டமா சார்?" என்றார்கள். முகாம் போகும்போது தூங்குவதற்கான நைலான் படுக்கை, சொந்த உபயோகம், விற்பனைக்கில்லை, இதையெல்லாம் மின்னஞ்சலில் எழுதச் சொன்னார்கள், எழுதினேன். வரியைப் பொறுத்தவரை பொருளின் விலைக்கு மட்டும் போட மாட்டார்கள், அனுப்பும் செலவையும் இன்சூரன்ஸையும் சேர்த்த தொகைக்குச் சுங்கம், அப்புறம் அதையும் சேர்த்து ஐஜிஎஸ்டி (இறக்குமதிக்குப் போடும் ஜிஎஸ்டி), கடைசியில் வரியை முன்கூட்டிக் கட்டியதற்குக் கூரியர்காரரின் சேவைக் கட்டணம். விற்பவர் நல்ல எண்ணத்தில் "பரிசு என்று குறிக்கட்டுமா, வரி வராதே" என்று கேட்டிருந்தார். 2019 டிசம்பரோடு நம் நாட்டில் அந்தச் சலுகை போய்விட்டது, ராக்கிக்கும் உயிர்காக்கும் மருந்துக்கும்தான் மிச்சம். பொய்யாகப் பரிசு என்று எழுதினால் வேறு வம்பு வரும், வேண்டாம் என்று முன்பே சொல்லியிருந்தேன். நல்லவேளை.

பார்சல் காவேரிப்பட்டினத்துக்கு வராதாம், கிருஷ்ணகிரி கிளையில் வந்து எடுத்துக்கொள்ள வேண்டுமாம். போனால் பையன் சாப்பிடப் போயிருக்கிறார். வந்ததும் கொடுத்தார். வீட்டில் வந்து பிரித்தால் தலைக்கம்பு இருக்கிறது, கால்கம்பு இல்லை.

டப்பாவைக் கிளைக்காரர் எதிரிலேயே படம் எடுத்துக்கொண்டு பிரியுங்கள் என்று இப்போது எல்லாருக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். டப்பா கிழியவில்லை, டேப் மாறவில்லை, ஆக அனுப்பியவர் வைக்கவே இல்லை. எழுதினேன். "எங்கள் பதிவேட்டில் இரண்டு கம்பும் வைத்ததாக இருக்கிறது" என்று பதில்! நான் எடையைச் சொல்லி வாதாடினேன்: கூரியர் லேபிளில் அச்சான மொத்த எடையில் கம்பு ஒன்றின் எடை துல்லியமாகக் குறைகிறது பாருங்கள் என்று. அதற்கப்புறம்தான் இறங்கி வந்தார்கள். இன்னொன்று அனுப்புகிறோம், ஆனால் இந்திய வரி உங்கள் பொறுப்பு என்றார்கள். மறுபடி கேஒய்சியா? ஆளை விடுங்கள், கம்புக்கான பணத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்றேன்.

இதற்குள் அத்தை வீட்டுக்கு வந்தவர் கதையைக் கேட்டுவிட்டு, "இதுக்காடா அமெரிக்காக்காரன்கிட்ட கெஞ்சறே, தூளிக்குப் போடற மூங்கில் கம்பு பரண்ல கிடக்குது பாரு" என்றார். எடுத்து வெட்டிப் போட்டோம். தாங்கியது. ஆனால் மூங்கில் முனையில் கயிறு நழுவாமல் இருக்க ஏதாவது வேண்டும், பயணத்துக்கு மடங்கவும் வேண்டும், அதனால் ஓசூரில் சிப்காட் பக்கம் ஒரு லேத் பட்டறைக்குத் தலைக்கம்பை மாதிரிக்கு எடுத்துப் போனேன். அங்கிருந்த அண்ணன் அதை உருட்டிப் பார்த்துவிட்டு, "ஜன்னலுக்குப் போடற 6063 ரக அலுமினியக் குழாய் வேணாம் தம்பி, 6061 போடலாம், வளையாது" என்றார். நடுவில் உள்ளே ஸ்லீவ் விட்டு இரண்டு துண்டு, முனைக்கு நைலான் கட்டையில் கடைந்த மூடி, அதில் பின். முக்கியமாக எல்லா விளிம்பிலும் பிசிறு எடுத்துக் கொடுத்தார், பிசிறு இருந்தால் கயிறு அறுந்துவிடும். கம்பெனி கம்பைவிடச் சில கிராம் கூடுதல், விலையோ அவர்கள் கேட்டதில் கால்வாசிகூட இல்லை. எனக்கு அன்றைக்கு இருந்த சந்தோஷத்துக்கு அவருக்கு ஒரு கூடை மாம்பழமே கொடுத்திருப்பேன், சீசன் இல்லாமல் போய்விட்டது.

கட்டும் இடம் பற்றி யாரும் எழுதுவதில்லை. மாமாவின் மாந்தோப்பு பழைய நடவு, மரத்துக்கு மரம் 10 மீட்டர். கயிறு தரையோடு சுமார் 30 டிகிரி சாய்வில் இருந்தால் ஒவ்வொரு பக்கக் கயிற்றிலும் உங்கள் முழு எடை இழுக்கும். 15 டிகிரிக்குத் தட்டையாக இழுத்துக் கட்டினால் ஏறக்குறைய இரண்டு மடங்கு, என் எடைக்கு 160 கிலோவைத் தாண்டும். 10 மீட்டர் இடைவெளியில் 30 டிகிரி வேண்டுமென்றால் மரத்தில் கிட்டத்தட்ட 3 மீட்டர் உயரத்தில் நாடா சுற்ற வேண்டும். ஏணி வேண்டும், போதாததற்கு மாமரம் அந்த உயரத்துக்குள் கவைத்துவிடும். தென்னந்தோப்பில் வழக்கமான இடைவெளி 7.5 மீட்டர், கை எட்டும் உயரம்தான், ஆனால் தலைக்கு மேலே காய். காய் பறித்த மரமாகப் பாருங்கள். அடர்நடவு மாந்தோப்பில் 5 மீட்டர், அளவு அருமை, தண்டு பெருத்த மரமாகத் தேடுங்கள். முருங்கையில் கட்டவே கட்டாதீர்கள். எனக்கு வாய்த்தது தோப்பு ஓரத்துப் புளியமரம் இரண்டு, கல் மாதிரி நிற்கின்றன. புளியமரத்தடியில் ராத்திரி படுப்பதா என்று அத்தை இன்றுவரை திட்டிக்கொண்டிருக்கிறார். நாடா பாலியெஸ்டராக, ஒரு அங்குல அகலமாவது இருக்கட்டும். நைலான் இரவில் இழுபட்டு உங்களைத் தரையில் இறக்கிவிடும்.

காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதியில்லாமல் தொங்கவிடும் எண்ணமே வேண்டாம். தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் ராகி அறுப்புச் சமயத்தில் காட்டோரத் தோப்புகளும் வேண்டாம், யானை வரும் வழி.

தார்ப்பாய் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. கம்புகள் இரு முனையிலும் துணியை விரித்தே வைத்திருப்பதால், சாதாரண ஹாமக்குக்குப் போடும் குறுகலான சாய்சதுரத் தார்ப்பாய் மூலைகளை மூடாது. மாங்காய் உதிர்க்கும் கோடை மழைக்கு அகலமான நீள்சதுரம்தான் சரி. மார்கழிக் குளிருக்கு அடியில் தனி மெத்தை எதுவும் நான் வாங்கவில்லை. பிரிட்ஜ் தட்டை என்பதால் கடையில் கிடைக்கும் சாதா ஃபோம் பாய் நழுவாமல் கிடக்கிறது.

கம்புக்கான பணம் போன வாரம் வந்தது. டாலரை மாற்றியதில் வங்கி பிடித்தது போக, லேத் அண்ணனுக்குக் கொடுத்ததற்கும் ஓசூர் பஸ்ஸுக்கும் சரியாகப் போய்விட்டது. சுங்க வரியில் அந்தக் கம்புக்கு நான் கட்டிய பங்கைக் கேட்டு எழுதலாமா என்று விசாரித்தேன், அதற்கு ஒரு படிவம் இருக்கிறதாம், அதற்கும் கேஒய்சி வேண்டுமாம். விட்டுவிட்டேன்.