ஜாஜாவோட ஏர்ஃபோர்ஸ் ரெக்கார்டு: தேடி அலைஞ்ச மூணு வருஷம்

என் வீட்டுக்காரரோட தாத்தா, அதாவது என் மாமியாரோட அப்பா, போலந்துல பிறந்து 1921ல ரெண்டு வயசுக் குழந்தையா கப்பல்ல அமெரிக்கா வந்தவர். டெட்ராய்ட் நடுவுலயே தனி ஊரா இருக்கற ஹாம்ட்ராமிக்லதான் வளர்ந்தார். அப்ப அந்த ஊர்ல எங்க பார்த்தாலும் போலந்துக்காரங்கதான், பாதிப்பேருக்கு டாட்ஜ் கார் ஃபேக்டரியில வேலை, அவங்க அப்பாவும் அங்கதான். 1942ல இவரை ராணுவத்துக்கு எடுத்தாங்க, சண்டை முடிஞ்சதும் மத்தவங்க வீட்டுக்கு வந்துட்டாங்க, இவர் மட்டும் அங்கயே இருந்துட்டார். 1963ல மிச்சிகன் வட பக்கத்துல இருக்கற வர்ட்ஸ்மித் ஏர்ஃபோர்ஸ் பேஸ்ல ரிட்டயர் ஆனார். 1972ல ஹார்ட் அட்டாக், 53 வயசுகூட முழுசா ஆகல. வீட்ல எல்லாரும் ஜாஜானு சொல்லுவாங்க, இங்க இருக்கற போலிஷ் வீடுகள்ல தாத்தாவ அப்படித்தான் கூப்பிடுவாங்க. என் வீட்டுக்காரர் அவரைப் பார்த்ததே இல்ல.

அவரைப் பத்தி வீட்ல மிச்சம் இருந்தது ரெண்டே விஷயம். ஒண்ணு ஒரு கறுப்பு வெள்ளை ஃபோட்டோ, பெரிய குண்டுவீச்சு விமானத்துக்குக் கீழ கையில ஸ்பேனரோட நிக்கறார், பின்னாடி பென்சில்ல "பார்ஹாம், 1944"னு எழுதியிருக்கு. இன்னொண்ணு ஒரு வாக்கியம், "ஜாஜா வார்சாவுக்குப் பறந்தார்", அதாவது போலந்து தலைநகருக்கு. மெடல், பேப்பர் எல்லாம் வீடு மாத்தினப்ப ஏதோ ஒரு அட்டைப்பெட்டியோட போயிடுச்சு. 2022ல அத்தைக்கு உடம்பு சரியில்லாம ஆஸ்பத்திரியில இருந்தப்ப, அப்பா என்னதான் வேலை பார்த்தார்னு தெரியாமலே போயிடுவேன் போலன்னு சொன்னாங்க. அன்னைக்கு ஆரம்பிச்சது.

முதல்ல நாங்க பண்ண தப்பை சொல்லிடறேன், இது யாருக்காவது உதவும். பழைய ராணுவ ரெக்கார்டு எல்லாம் செயின்ட் லூயிஸ்ல நேஷனல் பெர்சனல் ரெக்கார்ட்ஸ் சென்டர்ல இருக்கும், எஸ்எஃப்-180னு ஒரு ஃபார்ம் போடணும். என் வீட்டுக்காரர் தானே பேரன்னு கையெழுத்து போட்டு அனுப்பிட்டார், அது திரும்பி வந்துடுச்சு. ஏன்னா அவங்க கணக்குல நெருங்கின உறவுன்னா மறுகல்யாணம் பண்ணிக்காத மனைவி அல்லது கணவர், அப்பா அம்மா, பிள்ளைங்க, கூடப்பிறந்தவங்க, அவ்வளவுதான், பேரன் பேத்தி அதுல வரவே மாட்டாங்க. சர்வீஸ் முடிஞ்சு 62 வருஷம் ஆயிட்டா யார் வேணா கேக்கலாம், ஆனா 1963ல வெளிய வந்தவருக்கு அது 2025லதான். அதனால அத்தை கையெழுத்து, கூட ஜாஜாவோட இறப்பு சர்டிஃபிகேட் காப்பி, ரெண்டும் வச்சு மறுபடி அனுப்பினோம்.

பல மாசம் கழிச்சு பதில் வந்துச்சு. நீங்க கேக்கற ஃபைல் 1973 தீயில அழிஞ்சிருக்கலாம்னு. எனக்கு அப்படி ஒரு தீ நடந்ததே அன்னைக்குத்தான் தெரியும். 1973 ஜூலை 12, நடுராத்திரி தாண்டினதும் அந்தக் கட்டடத்தோட ஆறாவது மாடியில தீ புடிச்சிருக்கு, மேல்மாடிகள்ல ஸ்பிரிங்க்ளர் கிடையாது, முழுசா அணைக்க நாலு நாளுக்கு மேல ஆயிருக்கு. 1.6 கோடியில இருந்து 1.8 கோடி ஃபைல் வரைக்கும் போயிருக்கும்னு கணக்கு சொல்றாங்க, எதுக்கும் காப்பி இல்ல, மைக்ரோஃபிலிம் இல்ல. ஆர்மியில 1912 நவம்பர்ல இருந்து 1960 தொடக்கம் வரைக்கும் வெளிய வந்தவங்களோடதுல 80 சதவீதம் போச்சு. ஏர்ஃபோர்ஸ்ல 1947 செப்டம்பர்ல இருந்து 1964 தொடக்கம் வரைக்கும், அதுலயும் ஹபர்ட்ங்கற பேருக்கு அப்புறம் அகர வரிசையில வர்ற பேர்கள்ல 75 சதவீதம். ஜாஜாவோட குடும்பப் பேர் டபிள்யூல ஆரம்பிக்குது, 1963ல ரிட்டயர்மென்ட். ஆறேழு மாசம் சேர்த்து வேலை பார்த்திருந்தா இந்தக் கணக்குலயே வந்திருக்க மாட்டார். அத்தை அந்த லெட்டரை மடிச்சு வச்சுட்டு எதுவும் பேசல, எனக்குத்தான் தாங்க முடியாம அழுகை வந்துச்சு.

ஆனா அதோட முடிஞ்சு போகல. அந்த லெட்டர் கூடவே 13075னு இன்னொரு ஃபார்ம் வந்துச்சு, எந்த யூனிட், எந்த ஊர், எந்த தேதின்னு தெரிஞ்சதை எழுதினா மத்த இடங்கள்ல இருந்து ரெக்கார்டை திரும்பக் கட்டிப் பார்ப்பாங்க. சிக்கல் என்னன்னா அந்த ஃபார்ம் கேக்கற எதுக்குமே எங்ககிட்ட பதில் இல்ல. இடையில காசு வாங்கிட்டு தேடித் தர்றோம்னு ஒரு கம்பெனிக்கும் குடுத்தோம், அவங்க அனுப்பினது நாங்களே ஆன்லைன்ல ஃப்ரீயா எடுக்கக்கூடிய சென்சஸ் பக்கம் ரெண்டு. அந்தப் பணத்தை யாரும் செலவு பண்ணாதீங்கன்னு கேட்டுக்கறேன்.

எங்களுக்கு வழி விட்டது அவர் ஒரு இமிகிரன்ட்ங்கறதுதான். இந்த நாட்டுல பிறந்தவருக்கு இவ்வளவு பேப்பர் இருக்காது. அவங்க அப்பா கடைசி வரைக்கும் சிட்டிசன் ஆகல, அதனால பையனும் ஆகல. 1940ல சட்டம் வந்து 14 வயசு தாண்டின வெளிநாட்டுக்காரங்க எல்லாரும் கைரேகை வச்சு பதிவு பண்ணணும்னு சொன்னாங்க, ஏஆர்-2ன்னு அந்த ஃபார்ம். கப்பல் பேரு, வந்த தேதி, வேலை எல்லாம் அதுல இருக்கும். யூஎஸ்சிஐஎஸ்ல, அதாவது இங்க குடியுரிமை குடியேற்றம் பார்க்கற அரசாங்க ஆபீஸ்ல, குடும்ப வரலாறு தேடறவங்களுக்காக ஜீனியாலஜி புரோகிராம்னு ஒண்ணு நடத்தறாங்க, முதல்ல இன்டெக்ஸ் தேடச் சொல்லி கேக்கணும், அதுல நம்பர் கிடைச்சா அப்புறம் ஃபைலுக்கு தனியா கேக்கணும், ரெண்டுக்கும் தனித்தனி ஃபீஸ். எங்களுக்கு ஏஆர்-2வும் வந்துச்சு, சிட்டிசன்ஷிப் ஃபைலும் வந்துச்சு. நாங்க அதுவரைக்கும் டெட்ராய்ட் கோர்ட்லயே தேடிட்டு இருந்தோம், அவர் சிட்டிசன் ஆனது டெக்ஸாஸ் அமரில்லோவுல! 1942 மார்ச்ல வந்த போர்க்காலச் சட்டப்படி ராணுவத்துல இருக்கற வெளிநாட்டுக்காரங்களுக்கு இத்தனை வருஷம் இருந்திருக்கணும், சிட்டிசன் ஆகப்போறேன்னு முன்கூட்டியே டிக்ளரேஷன் குடுத்திருக்கணும்ங்கற எதுவும் வேண்டாம், ஃபீஸும் கிடையாது. அமரில்லோவுல அப்ப பி-17 குண்டுவீச்சு விமான மெக்கானிக்குகளுக்கு ட்ரெயினிங் பேஸ் இருந்துச்சு. அங்க படிக்கறப்பவே பக்கத்து கோர்ட்ல உறுதிமொழி எடுத்திருக்கார். ஃபைல்ல ஒரு சின்ன ஃபோட்டோ, 23 வயசுப் பையன், அப்படியே என் பெரிய மகனோட மூக்கு.

பேர் விஷயத்தை தனியா சொல்லணும். இவங்க குடும்பப் பேர் நடுவுல போலிஷ்ல எல் மேல ஒரு கோடு போட்ட எழுத்து வரும், உச்சரிப்பு கிட்டத்தட்ட நம்ம 'வ' மாதிரி. அமெரிக்கா வந்ததும் ஒருத்தர் அதை எல்னு எழுதுவார், இன்னொருத்தர் காதுல கேட்டபடி டபிள்யூ போடுவார், கையெழுத்தைப் பார்க்கறவங்களுக்கு அது டி மாதிரி தெரியும். பேர்ல ழ இருக்கற நம்மாளுங்களுக்கு நான் விளக்கவே வேண்டாம், என் பாஸ்போர்ட்லயும் டிகிரி சர்டிஃபிகேட்லயும் எங்க அப்பா பேர் ரெண்டு விதமா இருக்கு. 1938ல இருந்து 1946 வரைக்கும் ஆர்மியில (அப்ப ஏர்ஃபோர்ஸும் ஆர்மிக்குள்ளதான்) சேர்ந்த சுமார் 90 லட்சம் பேரோட லிஸ்ட் நேஷனல் ஆர்கைவ்ஸ் சைட்ல இருக்கு, பழைய பஞ்ச் கார்டுல இருந்து எடுத்தது, எழுத்துப்பிழை நிறைய. அதுல எல் போட்டு தேடினேன் இல்ல, டபிள்யூ போட்டேன் இல்ல, ராத்திரி பன்னெண்டு மணிக்கு டி போட்டதும் வந்துட்டார். பிறந்த வருஷம் 1919, பிறந்த நாடு போலந்து, கவுண்டி வெய்ன் (டெட்ராய்ட் இருக்கற மாவட்டம்), சீரியல் நம்பர் 36ல ஆரம்பிக்குது, அதாவது மிச்சிகன் இல்லினாய் விஸ்கான்சின் பக்கம் கட்டாய அழைப்புல எடுத்தவங்களோட நம்பர். தூங்கிட்டிருந்தவரை எழுப்பிக் காட்டினேன்.

அந்த சீரியல் நம்பர்தான் எல்லாத்துக்கும் சாவி. அப்புறம் அந்த ஃபோட்டோ. விமானத்தோட வால்ல ஒரு சதுரத்துக்குள்ள ஜே எழுத்து, அது 390வது பாம்ப் குரூப்ங்கற குண்டுவீச்சு விமானப் பிரிவோட அடையாளம், இங்கிலாந்துல சஃபோக்ல ஃப்ராம்லிங்ஹாம் பேஸ், அது இருந்த கிராமம்தான் பார்ஹாம். விமானத்தோட உடம்புல எழுதியிருந்த ரெண்டு எழுத்தை வச்சு அந்த குரூப்புக்குள்ள எந்த ஸ்குவாட்ரன்னும் தெரிஞ்சுடுச்சு. இதெல்லாம் 13075ல நிரப்பி அனுப்பினோம்.

அவங்க தேடிட்டு இருக்கற நேரத்துல நாங்களே அப்பாயின்ட்மென்ட் வாங்கிட்டு செயின்ட் லூயிஸ் போனோம், எட்டு மணி நேரத்துக்கு மேல டிரைவ், அத்தையும் வந்தாங்க. பையெல்லாம் லாக்கர்ல வச்சுட்டுத்தான் உள்ள போகணும். நாங்க பார்க்கப் போனது மார்னிங் ரிப்போர்ட், ஒவ்வொரு யூனிட்டும் தினம் காலையில அனுப்பற ஆள் கணக்கு. இதுல ஒண்ணு புரிஞ்சுக்கணும், அதுல எல்லார் பேரும் இருக்காது, மாற்றம் இருந்தா மட்டும்தான் எழுதுவாங்க, யார் புதுசா வந்தா, யார் ஆஸ்பத்திரி போனா, யாருக்கு ப்ரமோஷன், யார் திரும்பி வரல. 1943ல அவர் வந்து சேர்ந்த வரி கிடைச்சது. கார்ப்பரல் ஆன வரி கிடைச்சது. பக்கத்துல இருக்கற வேலைக் குறியீடு ஏர்பிளேன் மெக்கானிக். பறக்கற ஆள் இல்ல.

அத்தை ரொம்ப நேரம் அதையே பார்த்துட்டு இருந்தாங்க. அப்ப வார்சா கதை பொய்யான்னு கேட்டாங்க. நான் அதுக்குள்ள அதைப் பத்தி நல்லா படிச்சு வச்சிருந்தேன். 1944 ஆகஸ்ட் 1ல வார்சா மக்கள் ஜெர்மன்காரங்களை எதிர்த்து எழுந்தாங்க, ஏழு வாரமா தனியா சண்டை போட்டுட்டு இருந்தவங்களுக்கு செப்டம்பர் 18ல அமெரிக்க பி-17 நூத்துச்சொச்சம் இங்கிலாந்துல இருந்து கிளம்பி பகல்லயே போய் ஆயுதமும் மருந்தும் சாப்பாடும் பாராசூட்ல போட்டுச்சு, அதுல பெரும்பகுதி ஜெர்மன்காரங்க கையிலதான் விழுந்துச்சு. போட்டுட்டு நேரா சோவியத் பக்கம் பொல்டாவாவுல இறங்கி இத்தாலி வழியா சுத்தி பல நாள் கழிச்சுத்தான் பேஸுக்குத் திரும்புச்சுங்க. போனது மூணு குரூப், அதுல ஒண்ணு இந்த 390வது. அன்னைக்கு வார்சா பக்கத்துல சுட்டு வீழ்த்தப்பட்ட ஒரே பி-17 இதே 390வது குரூப்போடதுதான். அந்த இன்ஜின்களை ராத்திரி முழுக்க பார்த்து ஓகே சொல்லி அனுப்பினவங்கள்ல வார்சா பாஷை பேசற ஒருத்தர் இருந்திருக்கார்.

செப்டம்பர் 18ம் தேதி மார்னிங் ரிப்போர்ட்டை எடுத்தோம். ஜாஜா பேர் அதுல இல்ல. 17லயும் இல்ல, 19லயும் இல்ல. பேர் இல்லேன்னா லீவு இல்ல, ஆஸ்பத்திரி இல்ல, வேற ஊர் போகல, வழக்கம்போல வேலையில இருந்தார்னு அர்த்தம். அத்தை இதை என்னை ரெண்டு தடவை சொல்லச் சொன்னாங்க, அப்புறம் அந்தப் பக்கத்தை ஃபோட்டோ எடுக்கச் சொன்னாங்க, பேரே இல்லாத பக்கத்தை.

2025 ஆரம்பத்துல சம்பள வவுச்சரையும் மத்த பேப்பரையும் வச்சு ராணுவ சர்வீஸ் சர்டிஃபிகேட் ஒண்ணு குடுத்தாங்க, அழிஞ்சுபோன டிஸ்சார்ஜ் பேப்பருக்குப் பதிலா இதைக் காட்டலாம். அதுல மாஸ்டர் சார்ஜென்ட்னு இருக்கு. இப்ப 1948, 49 பக்கங்களைத் தேடிட்டு இருக்கோம். சோவியத் தரைவழியை அடைச்சதால பெர்லினுக்கு விமானத்துலயே நிலக்கரியும் மாவும் கொண்டு போன நேரம், அந்த சி-54 விமானங்களை 200 மணி நேரத்துக்கு ஒரு தடவை முழுசா பிரிச்சுப் பார்த்த இடம் இங்கிலாந்துல பர்டன்வுட், அவர் அங்க இருந்ததா ஒரு வவுச்சர் சொல்லுது. மெடலுக்கான ஃபார்ம்ல அத்தை போன வாரம் கையெழுத்து போட்டாங்க, பேரை அந்தக் கோடு போட்ட எல்லோடயே எழுதினாங்க, கீழ இன்னொரு தடவை இங்க்லீஷ்ல எழுதுங்கன்னு நான்தான் சொல்ல வேண்டியிருந்துச்சு.